மூன்று முறை அலசிய புட்டி

சுத்தம் என்றால் கார்த்திகேசு உயிரை விடுவார். பிரிக்பீல்ட்ஸ் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் தம்ளரைக்கூட மூன்று முறை அலசாமல் தண்ணீர் குடிக்கமாட்டார். தண்ணீர் பில் வரும் நாளெல்லாம் மனைவி லெட்சுமி தலையில் அடித்துக்கொள்வாள்.

எண்பதுகளின் கடைசியில், சுகாதார இலாகா ஊழியரான அவருக்குப் புது வேலை வந்தது. தண்ணீர்ச் சாரலோடு நுரையீரலுக்குள் போய் ஆளைச் சாய்க்கும் லீஜனெல்லா கிருமியை நாடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்கள். கட்டட மொட்டை மாடிகளில் ஏசிக்கான தண்ணீரைக் குளிரவைக்கும் கூலிங் டவர்களில் தண்ணீர் பிடித்து அவர் லேப்பில் கொடுக்க வேண்டும்.

லேப் கொடுத்த புட்டிகளுக்குள் அடியில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. இதைக்கூடக் கழுவ உடம்பு வணங்காதா என்று முணுமுணுத்தபடி, ஒவ்வொன்றையும் மூன்று முறை அலசிவிட்டுத்தான் பிடிப்பார். இரண்டு வருடமாக எல்லாமே 'கிருமி இல்லை' என்று வந்தன. அவருக்கு அதில் பெருமைகூட.

சுங்கை வே தொழிற்சாலையில் டவர் கழுவுபவன் நாகையா. கார்த்திகேசு ஏறும்போதெல்லாம் ஏணியைப் பிடித்துக்கொள்ளும் நல்ல மனிதன். நிமோனியா என்று படுத்தவன் ஐந்தே நாளில் கண்ணை மூடினான். சாவு வீட்டில் அவன் மனைவி இராஜம்மா, அந்தத் தண்ணீரால்தானா என்று கேட்டாள். டெஸ்ட்டில் சுத்தமாக வந்திருக்கிறது என்று கார்த்திகேசு அடித்துச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து, லேப்புக்குப் புதிதாக வந்த சந்திரகலா அவரோடு செராஸில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஏறினாள். அவர் புட்டியை அலசுவதைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"அங்கிள், அது அழுக்கு இல்ல. டவர் தண்ணியில கலக்குற குளோரினை முறிக்கிற மருந்து. அது இல்லன்னா லேப்புக்கு வர்றதுக்குள்ள புட்டியிலேயே கிருமி செத்துடும். டவர்ல பாசிக்குள்ள இருக்கிற கிருமி மட்டும் அப்படியே இருக்கும். எத்தனை நாளா இப்படிக் கழுவுறீங்க?"

"மொத நாள்லேருந்து."

இரண்டு வருட முடிவுகளும் செல்லாது என்றாள். நாகையாவைக் கொன்றது அந்தக் கிருமிதானா என்று கேட்டார். இனி அதைக் கண்டுபிடிக்க வழியில்லை என்றாள்.

டவரை நிறுத்தச் சொல்ல கார்த்திகேசு நேரே சுங்கை வே தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளை விட்டார். மாடியில், பாசி பிடித்த டவருக்குள் மூக்கைக்கூட மறைக்காமல் யாரோ தேய்த்துக்கொண்டிருந்தார்கள். இராஜம்மா. புருஷன் செய்த வேலையை அவளுக்கே கொடுத்திருந்தார்கள்.

"மொதல்ல பயமாத்தாண்ணே இருந்துச்சு," என்றாள் இருமிக்கொண்டே. "நீங்க சுத்தம்னு சொன்னதாலதான் ஒத்துக்கிட்டேன்."

கார்த்திகேசு டவருக்குள் கையை நீட்டினார்.

"பிரஷ்ஷைப் போட்டுட்டு வெளிய வா, தங்கச்சி. நான் சொன்னது தப்பு."