காப்பு அறுக்காத கை

கையில் இரண்டு வேலையோடு வந்த ஒருவனைப் பார்த்து எங்கள் முதலாளி தலையில் அடித்துக்கொண்டது அன்று ஒரு நாள்தான். வேலை இல்லாதவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர் அவர். இரண்டு வேலை இருந்தும் சின்னதைக் கேட்பவனை அவர் பார்த்ததில்லை.

ரங்கூன் பபேடானில் ஒரு மாடியில் இயங்கிய ஏஜென்சி அது. ஜப்பானுக்கு ஆள் அனுப்புவோம். நான் இருந்த மேசைக்கு டிஸ்பாட்ச் என்று பெயர். பாஷை வகுப்பு, இன்டர்வியூ எல்லாம் மற்றவர்கள் பாடு. விசா வந்தபின் ஆளை விமானத்தில் ஏற்றிவிடுவது என் பாடு. அழுகிற அம்மாக்கள், மயங்கி விழுகிற அப்பாக்கள், கிளம்பும் நாளில் கல்யாணம் செய்துகொள்ளட்டுமா என்று கேட்கிற பிள்ளைகள், எல்லாரையும் பார்த்தாயிற்று. இப்போது அந்த மேசைக்கு வந்திருக்கும் பெண்கள் என்னிடம் பழைய சங்கதி கேட்கிறார்கள். சிரிக்கிற சங்கதிகள் நிறைய உண்டு. இது அதில் சேராது.

1. ஒசாகாவா, மலையா

அன்று வந்தவன் பெயர் பாஸ்போர்ட்டில் மியோ மின். வீட்டில் சேகர். ரங்கூனிலேயே தாகேதா பேட்டையில் அம்மா கமலாவோடு இருந்தான். அப்பா இல்லை. ஜப்பானின் வடக்கே ஒரு பனிமலை அடிவாரத்து ஹோட்டலில் காண்ட்ராக்ட் முடித்துத் திரும்பியிருந்தான். நல்ல ஜப்பானிய பாஷை, நல்ல பெயர். அதனால் ஒசாகாவில் ஒரு பெரிய ஹோட்டல் ஃப்ரண்ட் ஆபீஸ் வேலைக்குக் கூப்பிட்டது. பழைய மலை ஹோட்டலும் மறுபடி வா என்றது.

எங்கள் முதலாளி ஊ தேனுக்கு அப்பா பர்மாக்காரர், அம்மா தமிழ். நாள் முழுக்க பர்மியம் பேசுவார். திட்டும்போது மட்டும் அம்மா பாஷை வந்துவிடும். அன்று அது வந்தது.

"பைத்தியமாடா உனக்கு? ஒசாகாடா! கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிற வேலை. ரெண்டு வருஷத்துல மேனேஜராயிடுவ. அத விட்டுட்டு பெட்டி தூக்கவும் பனி அள்ளவும் போறேங்கிறியே!"

சேகர் தலையைக் குனிந்தபடி சொன்னான்: "அங்க ஸ்கீ பண்ணலாம் சயா, பனியில சறுக்கலாம்." முதலாளியை எல்லாரும் சயா என்றுதான் கூப்பிடுவோம்.

ஊ தேன் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். எங்கள் தொழிலில் பிள்ளைகள் சொல்லும் காரணங்கள் எனக்கு மனப்பாடம். வீடு கட்ட, தங்கச்சியைக் கரையேற்ற, அம்மா ஆபரேஷனுக்கு. பிடித்திருக்கிறது என்று ஒருத்தன் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

கீழே லபெயே கடையில் டீ வாங்கிக் கொடுத்து நானே விசாரித்தேன். "ஒசாகா பக்கத்துல மலை கிடையாதா? லீவு நாள்ல போய்க்கோயேன்."

"இருக்குக்கா. ஞாயித்துக்கிழமை சூலேல பஸ் ஏறுற கூட்டம் இருக்குல்ல, அந்தக் கூட்டம் இருக்கும். லிப்டுக்கு வரிசை, இறங்குறதுக்கு வரிசை. எங்க ஹோட்டலுக்குப் பின்னாடி அப்படி இல்ல. ராவெல்லாம் பனி பேஞ்சிருக்கும். காலையில ஷிப்டுக்கு முன்னாடி போனா ஒரு தடம் இருக்காது. ஸ்கீக்காரங்க பவுடருன்னு சொல்லுவாங்க. சலிச்சு வெச்ச அரிசி மாவு மாதிரி, முட்டி வரைக்கும். அதுல இறங்குனா சத்தமே கேக்காது." "இங்க வீட்டுல சத்தம், ரோட்டுல சத்தம், மனசுல சத்தம். அங்க ஒண்ணும் இல்லக்கா."

விருந்தாளிகள் விட்டுப்போன பழைய ஸ்கீயை வைத்து, ஹோட்டல் சமையல்காரர் ஒருவரிடம் கற்றுக்கொண்டானாம். விளையாட்டுப் பைத்தியம் என்றுதான் முதலில் நினைத்தேன். பேசி முடித்தபோது அப்படி நினைக்க முடியவில்லை.

2. கமலா அக்கா வைத்த பேரம்

கமலா அக்கா மறுநாள் வந்தார். தனகாப் பட்டை அரைத்துப் பூசிய முகம், இடுப்பில் கெட்டியாகக் கட்டிய தமேன் லுங்கி, கையில் பிளாஸ்டிக் கூடை. உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"மவன் ஒசாகாவுல இருக்கான்னு சொன்னா நாலு பேருக்குப் புரியும் பத்மா. பனிமலையில இருக்கான்னா சாமியாராப் போயிட்டானான்னு கேப்பாங்க. போன வருஷம் அந்த எழவுப் பனியிலதான் கால ஒடிச்சுக்கிட்டான். எங்கிட்ட சொல்லல பாத்தியா? வழுக்கி விழுந்துட்டேன்னான். போட்டோவுல கால் கட்டப் பாத்ததும் நான் மாரியம்மன்கிட்ட ஓடுனேன். ஆத்தா, கால குடு, அவனத் தீ மிதிக்க வெக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"கால் தேறிடுச்சே அக்கா."

"தேறிடுச்சு. அதான் மறுபடி ஒடிச்சுக்கப் போறேங்கிறான்."

அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரு வாரம் பேச்சு இல்லை. ஒசாகாக்காரர்கள் உடனே கிளம்பும் ஆளைக் கேட்டார்கள். மலை ஹோட்டலுக்குப் பனிக்காலம் தொடங்கும்முன் வந்தால் போதும். ஊ தேன் தினமும் என்னிடம், "அவன் என்ன சொல்றான், அவன் என்ன சொல்றான்" என்று பிடுங்கினார். எனக்கும் ஒசாகாதான் சரி என்று பட்டது. ஆனால் சொன்னால் அவன் கேட்டால்தானே.

கடைசியில் அம்மாதான் இறங்கி வந்தார். என் மேசை முன் நின்று மகனிடம் சொன்னார்: "சரி, மலைக்கே போ. ஆனா தீ மிதிச்சுட்டுப் போ. ஆத்தா கடன வெச்சிட்டு அந்தப் பக்கம் போகாத."

சேகர் முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன். அவ்வளவு பெரிய ஆள், அம்மா கூடையை வாங்கிக்கொண்டு படியில் குதித்து இறங்கினான். ஒசாகா வேலையை லான்மடாவ் பையன் ஒருவனுக்குக் கொடுத்தோம். அவன் அந்த மாதமே விமானம் ஏறினான்.

3. கத்திரிக்கோல்

தீமிதிக்கு நாள் குறித்துக் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் துணி, மஞ்சள் கயிறு, கவிச்சி கிடையாது, பாயில் படுக்கை. காப்புக் கட்டியவன் ஊர் எல்லை தாண்டக்கூடாது. ரங்கூனில் எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கட்டுப்பாடு இது. பக்கத்து ஊரான பகோவுக்குக்கூடப் போகமாட்டார்கள்.

தீமிதிக்குச் சில நாள் இருக்கும்போது ஊ தேன் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"பத்மா, சேகரக் கூப்பிடு. அம்மாவையும் வரச் சொல்லு."

எந்த ஏஜென்சிக்குப் போனாலும் அன்று இதே பேச்சு. வயசுப் பையன்கள் வெளிநாட்டு வேலைக்குப் போக அரசாங்கம் கொடுக்கும் கார்டை நிறுத்தப் போகிறார்களாம், பட்டாளத்துக்கு ஆள் வேண்டுமாம். நிச்சயமில்லை. ஆனால் எங்கள் ஊரில் நிச்சயமில்லாத செய்திதான் முதலில் உண்மையாகும். சேகருக்கு விசாவும் கார்டும் தயார். மறுநாள் விமானத்தில் இடமும் இருந்தது.

இருவரும் வந்தார்கள். ஊ தேன் விஷயத்தைச் சொல்லி, என் மேசையிலிருந்த கத்திரிக்கோலை எடுத்து நடுவில் வைத்தார்.

"கைய நீட்டு. நான் அறுக்கிறேன். பாவம் எனக்கு வரட்டும்."

கமலா அக்கா கத்திரிக்கோலையே பார்த்தார். பிறகு சொன்னார்: "அறுத்துடுப்பா. எனக்குத்தான் பாவம். நாந்தான வேண்டுனேன்."

சேகர் கையை நீட்டவில்லை. கயிற்றை மற்ற கையால் மூடிக்கொண்டான்.

"இந்தக் கால் ஆத்தா குடுத்ததுன்னு நீதானம்மா சொன்ன. இந்தக் காலோடதான் நான் அங்க மேலேருந்து இறங்கணும். பாதியில அறுத்துட்டுப் போனா, எத நம்பி இறங்குவேன்? மிதிச்ச மறுநாளே ஏறிடுறேன் சயா. நாலு நாள்ல என்ன ஆயிடும்?"

ஊ தேன் திட்டவில்லை. கத்திரிக்கோலை எடுத்து என் டிராயருக்குள் போட்டு மூடினார். மறுநாள் விமானத்தில் இருந்த இடத்தை விட்டுக்கொடுத்து, தீமிதிக்கு அடுத்த நாளுக்கு டிக்கெட் மாற்றினேன்.

4. பிரசாதம்

தீமிதிக்கு நானும் போனேன். எல்லாரும் ஓடுவார்கள். சேகர் ஓடவில்லை. ஒடிந்த காலும் ஒடியாத காலும் ஒன்றுபோல் பதிய நடந்து வந்தான். பால் தொட்டியில் கால் வைத்ததும் கமலா அக்கா அவன் பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை. அவர் கத்தி அழுதார். நானும் அழுதேன். நல்ல அழுகை அது.

மறுநாள் விமானம் சாயங்காலம். காலையில் ஆபீசில் கரண்ட் இல்லை. ஊ தேன் போனை என்னிடம் நீட்டினார். செய்தி வந்துவிட்டது: சேகர் வயது ஆண்களுக்குக் கார்டு நிறுத்தம். ஏற்கெனவே வாங்கியவர்களையும் ஏர்போர்ட்டில் திருப்பி அனுப்புகிறார்களாம். விடிகாலை விமானத்துக்குப் போன வேறு ஏஜென்சிப் பையன்கள் பெட்டியோடு வெளியே நிற்பதாக எனக்கே போன் வந்துவிட்டது.

அப்போதுதான் சேகர் படியேறி வந்தான். நெற்றியில் விபூதி, கையில் தூக்குவாளி. ஆபீசுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல். காப்பு இறக்கிய மணிக்கட்டில் வெள்ளையாய் ஒரு கோடு.

சொல்ல வேண்டியது நான்தான், என் மேசை அது. சொன்னேன். அவன் தூக்குவாளியை என் முன்னால் வைத்தான்.

"எல்லாருக்கும் குடுத்துடுங்கக்கா, ஆறிடும்."

அவன் இறங்கிப் போன பிறகு அந்தப் பொங்கலை எப்படிப் பங்கு வைத்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

மலை ஹோட்டல் கொஞ்ச காலம் காத்திருந்தது. பிறகு பெண் பிள்ளை யாராவது இருந்தால் அனுப்புங்கள் என்றது. மண்டலேயிலிருந்து வந்த ஒரு பெண்ணை நான்தான் ஏற்றிவிட்டேன். "ரொம்பக் குளிராமே, பக்கத்துல கடையே இல்லையாமே" என்று வழியெல்லாம் அழுதாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

5. மேசைக்கு வந்திருக்கும் பெண்களுக்கு

அம்மன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கமலா அக்கா மேலும் இல்லை. நகரமா மலையா என்று உட்கார்ந்து யோசிக்க ஒரு பையனுக்கு ஒரு வாரம் கிடைத்ததே, அது எவ்வளவு பெரிய சொத்து என்று எங்களில் யாருக்கும் அப்போது தெரியவில்லை. எனவே நான் கற்றதைச் சொல்கிறேன். டிஸ்பாட்சுக்கு வருகிறவன் எந்த ஊரைக் கேட்டாலும் சிரிக்காதீர்கள், வாதாடாதீர்கள். கதவு திறந்திருந்தால் அன்றைக்கே ஏற்றிவிடுங்கள். வேண்டுதலைத் திரும்பி வந்து தீர்க்கலாம்.

போன குளிர்காலத்தில் தாகேதாவுக்குப் போயிருந்தேன். சேகர் வெளியே அதிகம் வருவதில்லை. அவன் வயதுப் பிள்ளைகள் யாரும் வருவதில்லை, பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். கரண்ட் வந்த நேரம், போனில் அந்த மலை ஹோட்டலின் கேமராவைப் போட்டிருந்தான். விருந்தாளிகள் பனி பார்க்க ஹோட்டல்காரர்கள் வைத்த கேமராவாம். வெள்ளைச் சரிவு, நாலு மரம், வேறொன்றும் அசையவில்லை.

பக்கத்தில் கமலா அக்கா குந்தியிருந்தார். தலை நரைத்திருந்தது. கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாராம். என்னைப் பார்த்து வா என்று தலையசைத்துவிட்டு மறுபடி போனையே பார்த்தார்.

"இன்னிக்கு இன்னும் யாரும் இறங்கல பத்மா," என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, விரலைத் திரையில் வைத்துக் கேட்டார்: "இதுல நீ எந்தப் பக்கமா வருவ? எனக்குக் காட்டு."

அவன் அம்மாவின் விரலைப் பிடித்து, மேலிருந்து கீழே, மெதுவாக இழுத்துக் காட்டினான்.