ஒரே எண் இரண்டு பேருக்கு

இன்று காலை அம்மாவின் சர்க்கரை ரிப்போர்ட் வாங்க, திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்து லேபுக்குப் போயிருந்தேன்.

ரத்தம் எடுக்கும் அக்கா திரையைப் பார்த்துவிட்டு, அம்மாவின் சாம்பிளை மறுபடி மெஷினில் வைத்தார்.

"என்னக்கா, எதாவது பிரச்சனையா?"

"முன்ன வந்தவருக்கும் இவங்களுக்கும் ஒரே நம்பர் காட்டிகினு கீது சார். ரத்தத்த சரியா படிக்கலன்னா இந்த மெஷின் வாயே தொறக்காது. பழைய நம்பரையே போட்டுட்டுப் போய்க்கினே இருக்கும். அதான் ரெண்டு பேருக்கு ஒண்ணா வந்தா நாங்களே திருப்பிப் போடுவோம்."

திரையின் ஓரத்தில் எங்கள் கம்பெனி லோகோ.

இந்த மெஷின்களை ஓட்டும் நிரல்கள் எங்கள் கம்பெனியின் நிரல்மொழியில்தான் எழுதப்படுகின்றன; அந்த மொழியை உருவாக்கும் குழுவில் நானும் ஒருவன். பிழை வந்தால் நிரல் அதைச் சொல்லிவிட்டு நிற்பதையே டீஃபால்ட், அதாவது இயல்பான நடத்தை, ஆக்கலாம் என்று போன வருடம் குழுவில் ஒரு பெண் கேட்டாள். எங்கள் மொழியில் பழைய வாடிக்கையாளர்கள் எழுதிய நிரல்களெல்லாம் நின்றுவிடும் என்று தடுத்தவன் நான்தான். "இத்தனை வருஷத்துல ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கா?" என்றும் கேட்டேன்.

"கம்பெனிக்குச் சொல்லலையாக்கா?"

"மெஷினே இப்டித்தான்னு நெனச்சிகினோம். போன மாசம் கூட்டத்துல ஒருத்தருக்குக் கவனிக்காம குட்த்துட்டேன். நார்மல்னு இருந்துச்சு. அத்தப் பாத்து மாத்திரைய நிறுத்திட்டாரு. இப்ப ஆஸ்பத்திரில கீறாரு."

எங்கே வேலை செய்கிறேன் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

முதலில் நார்மல் என்று காட்டிய அம்மாவுக்கு இரண்டாம் முறை வந்த எண் முன்னூற்றுப் பத்து.

பழைய நிரல் ஒன்றுகூட உடையவில்லை. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் மென்பொருளுக்கும் புகாரே வருவதில்லையா?