இடுப்பு வலியும் இடது காலும்

வீட்டில் அத்தை உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நின்றபடியே சாப்பிடுவாள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டீவி பார்ப்பாள். ரயில் நிலைய டிக்கெட் கவுன்டரில் நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை. எழுந்தால் வரிசையில் நிற்பவர்கள் கத்துவார்கள் என்று தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள்.

இடுப்பு வலி வந்ததும் தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனாள். பக்கத்துக் கவுன்டர்க்காரிதான் மேசைக்கடியில் கவனித்தாள்.

"என்னக்கா, இடது கால் மட்டும் தூண் மாதிரி வீங்கியிருக்கு?"

"வலி இடுப்புலடி. காலை விடு."

"முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. உங்க வரிசையையும் நானே பாத்துக்கிறேன்."

"ஞாயித்துக்கிழமை உன் பொண்ணு நாடகம். உன் சீட்டுல நான் உக்காரணுமே?"

"அதுக்குள்ள வந்துடுவீங்க. வாயாடாம போங்க."

ஸ்கேனில் தொடையிலிருந்து இடுப்புவரை ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தது தெரிந்தது. இடுப்பு வலியே அதனால்தான். அந்த ரத்தக்கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் என்பதால் எல்லோரும் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். டாக்டர் சொன்னதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

அத்தை கட்டிலில் புரண்டுகொண்டே இருந்தாள். "இன்னிக்கு என்ன கிழமைடா?" என்று ஓயாமல் கேட்டாள். நான் ஞாயிறு என்று சொன்ன அன்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிழைத்து வந்தவளை வேறு ஊருக்கு, நடமாடும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பக்கத்துக் கவுன்டர்க்காரியின் மகள், அம்மா பார்க்க வராமலே நடித்து முடித்திருந்தாள். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை அத்தை இன்னும் திருப்பித் தரவில்லை.