கொடுக்கு மாஸ்டர்

எங்கள் ஊர் டீமுக்குக் கோச் வரப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் முதலில் சிரித்தவன் நான்தான். பந்தை உதைப்பதற்கு ஒரு வாத்தியாரா என்று என் முதலாளியிடமே சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆளைக் கூட்டிவரச் சொன்னவர்களில் அவரும் ஒருவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. ராஜா இருந்தவரை டீமுக்கு அரண்மனையிலிருந்து பந்து வந்துகொண்டிருந்தது. சமஸ்தானம் போனபின் புதுக்கோட்டைக் கடைவீதிக்காரர்கள் சேர்ந்துதான் டீமை நடத்தினார்கள். அவர்களில் ஒருவர் மிளகு வாங்கக் கோழிக்கோடு போனவர், அங்கே போலீஸ் டீமில் ஆடி ஓய்வு பெற்ற ஒரு மனிதரைப் பேசி முடித்து, மிளகோடு மிளகாக ஊருக்கு அழைத்து வந்துவிட்டார்.

நான் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். சாயங்காலமானால் முதலாளிக்கு மைதானத்துக்குப் போகாவிட்டால் இருப்புக்கொள்ளாது. அவர் கிளம்பினால் பின்னாலேயே நானும் கிளம்பிவிடுவேன். மைதானத்தின் கிழக்கே ஒரு செம்மண் மேடு. வறுத்த கடலையை மடியில் கட்டிக்கொண்டு ஊரில் பாதிப் பேர் அங்கேதான் உட்கார்ந்திருப்போம்.

எங்களுக்குத் தெரிந்த பந்தாட்டத்துக்கு ஒரே ஒரு சொல்தான் உண்டு. "விடுறா!" எவன் காலுக்குப் பந்து வந்தாலும் மேடு முழுக்க அதைத்தான் கத்தும். ஓங்கி ஓர் உதை விடு என்று அர்த்தம். போன பந்து யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதைப் பற்றி யாருக்கும் கவலை கிடையாது. மேற்கு ஓரத்துப் புளியமரத்துக்கு மேலே எழும்பினால் போதும், வீட்டுக்குப் போய்ச் சந்தோஷமாகச் சாப்பிடுவோம்.

அப்படி விடுவதில் என் தம்பியை மிஞ்ச ஆள் கிடையாது. கோல் அடிக்கிற இடமான சென்டர் ஃபார்வர்டில் ஆடினான். பள்ளிக்கூடப் படிப்பு பாதியில் நின்றுவிட்டது. கைத்தொழில் ஒன்றும் பழகவில்லை. அவனுடைய வலது கால்தான் எங்கள் வீட்டின் சொத்து. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. மதுரைப் பக்கத்து மில் ஒன்று தன்னுடைய டீமுக்கு ஆட்டக்காரர்களை எடுத்து, ஆட்டத்தோடு நிரந்தர வேலையும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. மில்லிலிருந்து இரண்டு பேர் தை மாதப் போட்டிக்கு வந்து பார்ப்பார்கள். முந்தின வருஷம் தம்பியைப் பார்த்துவிட்டு, "கால் நல்லாருக்கு. அடுத்த வருஷம் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அம்மாவை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். அன்றிலிருந்து ஆத்தா அடுத்த வருஷத்தைத் தவிர வேறெதையும் பேசவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கோச் வந்து இறங்கினார். முதல் நாள் மேட்டில் உட்கார இடமில்லை. குட்டையாக, வழுக்கையாக, முழங்கால் வரை தொங்கும் காக்கி நிக்கரில் ஒருவர் வந்தார். பந்தைத் தூக்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆட்டக்காரர்களிடம் செம்பறாங்கற்களைச் சுமந்துவரச் சொல்லி மைதானத்தில் வரிசையாக அடுக்கினார். "என்னங்க இது, வீடு கட்டப் போறாரா?" என்று மேட்டில் ஒருவர் கேட்டார். "அஸ்திவாரம்தான் போடுறாரு, இருங்க" என்றேன் நான். அந்தக் கற்களுக்கு நடுவே பந்தை உருட்டிக்கொண்டு நடக்கச் சொன்னார். ஓட்டம்கூட இல்லை, நடை. கைக்குழந்தைக்கு நடை பழக்குவது போல ஒவ்வொருவனும் பந்தை நடத்திக்கொண்டு போனான். பந்து முழங்காலுக்கு மேலே எழும்பினால் உதைத்தவன் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். என் தம்பி அன்று ஓடிக்கொண்டே இருந்தான்.

புளியமரம் பக்கம் பந்து தலைகாட்டவே இல்லை. கடலைதான் தீர்ந்தது.

அவருக்குத் தமிழும் மலையாளமும் ஒரே பானைச் சோறு. பந்து வைத்திருப்பவனைப் பார்த்து, "கொடுக்கு! கொடுக்கு!" என்று தொண்டை கிழியக் கத்துவார். பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடு என்பதை அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்களாம். நமக்குக் கொடுக்கு என்றால் தேளிடம் இருப்பது. முதல் தடவை அவர் கத்தியபோது இடது ஓரத்தில் ஆடும் எங்கள் லெஃப்ட் அவுட் பயந்துபோய்க் காலைத் தூக்கிக்கொண்டு தரையைப் பார்த்தான். மேட்டிலிருந்து ஒருவர், "தேளு எங்கிட்டுய்யா கெடக்கு?" என்று கேட்க, சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. கொடுக்கு மாஸ்டர் என்ற பெயர் அன்றைக்கே நிலைத்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு நின்றது அடுத்த வாரம். தம்பியைத் தனியாக நிறுத்தி, "நீ கோல் அடிக்கண்டா. நீ கொடுக்கு" என்றாராம். அடிக்க வேண்டாமாம். சென்டர் ஃபார்வர்டுக்கு! சமையல்காரனைப் பிடித்து, நீ அடுப்புப் பக்கமே போகாதே, இலை போடு என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நேரே போய்க் கேட்டேன். "ஐயா, அவன் பொழப்பே இதுலதாங்க இருக்கு. மில்லுக்காரங்க கோல் அடிக்கிறவனைத்தாங்க பாப்பாங்க."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "களி அறியுறவன் அதைக் காணும்" என்றார். ஆட்டம் தெரிந்தவன் கண்ணுக்கு அது தெரியும் என்று பொருள். ஊரில் எத்தனை பேருக்கு ஆட்டம் தெரியும் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். அவனோ அந்த மனிதரிடம் முழுக்க மயங்கிக் கிடந்தான். "இல்லண்ணே, இத்தனை நாளு நான் ஆடுனது ஆட்டமே இல்லண்ணே" என்றான். உன் காலைப் பார்த்துத்தானடா உனக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள் என்று கத்த வாய் வரை வந்தது. பக்கத்தில் ஆத்தா இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

தை மாதம் போட்டி நடந்தது. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் டீம் அதற்குமுன் அப்படி ஆடியதே கிடையாது. ஆவூர் டீமால் எங்களைத் தொடக்கூட முடியவில்லை. கடைசி ஆட்டம் அறந்தாங்கியோடு. மில்லுக்காரர்கள் இருவரும் துண்டை விரித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடியப்போகிற நேரத்தில் தம்பி இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு உள்ளே புகுந்தான். எதிரே கோல்கீப்பர் ஒருவன்தான். மேடு மொத்தமும் எழுந்து நின்று "விடுறா!" என்று கத்தியது. நானும்தான். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்தப் பக்கம் கோட்டோரத்தில் ஒற்றைக் குரல், "கொடுக்கு!"

தம்பி கொடுத்தான். இடது பக்கம் சும்மா வந்து நின்ற லெஃப்ட் அவுட், டெய்லர் மகன், பந்தை உள்ளே தள்ளினான். உதைக்கக்கூட இல்லை, தள்ளினான்.

ஊர் கொண்டாடியது. தேள் எங்கே என்று கேட்டவரே மாஸ்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார். மாஸ்டர் கீழே இறங்கியதும் மில்லுக்காரர்களிடம் ஓடினார். என் தம்பியைக் காட்டிக் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொன்னார். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். இந்த வருஷம் ஓர் இடம்தான் இருக்கிறதாம், கோல் அடித்த பையனையே எடுத்துக்கொள்கிறோம் என்றார்களாம்.

மாஸ்டர் என்னிடம் வந்து நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை. "அவன் நல்லோணம் கொடுத்து" என்றார், நன்றாகக் கொடுத்தான் என்று.

"ஆமாங்க, குடுத்தான். பந்தோட சேத்து எங்க வீட்டுச் சோத்தையும்ல குடுத்துட்டான்" என்றேன். அவருக்கு அது புரிந்தது. தமிழ் தெரியாதது போல நிற்க அவரால் முடியவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது, "ஏன்டா விடலே?" என்று தம்பியைக் கேட்டேன்.

"கோல்கீப்பர் என் காலையே பாத்துக்கிட்டு இருந்தாண்ணே. அங்கிட்டு அவன் சும்மா நின்னான். குடுக்காம எப்புடிண்ணே?" என்றான்.

மாஸ்டரைப் பற்றி முதலில் நினைத்ததெல்லாம் தப்பு என்று ஊர் முழுக்க ஒத்துக்கொண்டது. பாவம், நல்ல மனிதரைக் கேலி பண்ணினோமே என்று முதலாளிகூட வருத்தப்பட்டார். நான் என் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அன்றோடு மைதானத்துக்குப் போவதையும் விட்டேன். தம்பி ஆலங்குடி ரோட்டில் ஒரு கடலை மண்டியில் மூட்டை தூக்கப் போனான். மறு வருஷம் மில்லுக்காரர்கள் வரவில்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சாயங்காலம் அதே மாஸ்டரிடம்தான் போவான். அந்த ஒரு பந்தைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிப் பேசி மாய்ந்தார்கள்.

அடுத்த தீபாவளிக்கு முந்தின நாள் டெய்லர் மகன் வீட்டுக்கு வந்தான். மில்லில் கொடுத்த புது வேட்டி, கையில் ஒரு பொட்டலம் அல்வா. நல்ல பையன், அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆத்தா காலில் விழுந்து எழுந்தான். தம்பி அப்போதுதான் மண்டியிலிருந்து வந்து, தோளில் கடலைத் தூசியோடு நின்றான். கையைக்கூடக் கழுவாமல் ஆவலாகக் கேட்டான்.

"மில் டீம்ல எப்புடிடா ஆடுறாங்க? ஒனக்கு யாருடா பந்து குடுக்குறது?"

"அங்கிட்டு யாருண்ணே குடுக்குறா? பந்து வந்தா அவனவன் அடிச்சுத் தள்ளிக்கிட்டு இருக்கான். மரத்துக்கு மேல போனா கை தட்டுறாய்ங்க."

தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டெய்லர் மகனும் சிரித்தான். ஒன்றும் விளங்காமல் ஆத்தாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். எனக்கு மூன்று பேரையும் அறைய வேண்டும் போலிருந்தது.