எனக்கென்று பின்னிய சால்வை

முப்பத்தாறு வயதில் பின்னக் கற்றுக்கொண்டேன். பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறேன். ஒரு மே மாதம் எங்கள் எல்லாரையும் இரண்டு நாள் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் சாக்லேட்டும் தைலமும் வாங்கிய கடையில் நான் இரண்டு பின்னல் ஊசியும் நீல நிற உல்லன் நூல் இரண்டு உருண்டையும் வாங்கினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கைக்கு ஏதாவது வேண்டும் என்றிருந்தது.

கோச்சடையில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். அப்பா கட்டிய வீடுதான். அப்பாவும் பிறகு அம்மாவும் போனதும் அது அண்ணன் வீடு ஆகிவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசி மாற்றவில்லை. எனக்கு வந்த வரன்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காரணத்தில் நின்றுபோயின. ஒரு கட்டத்துக்குப் பிறகு வருவதும் நின்றது. பெரிய மனவருத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் எந்த வேலைக்கும், எந்த ஆஸ்பத்திரிக்கும், எந்த விருந்தாளிக்கும் முதலில் என் முகத்தைப் பார்த்தார்கள்.

போனில் ஒரு வடநாட்டுப் பெண் இந்தியில் பேசிக்கொண்டே பின்னும் வீடியோவைப் பார்த்துக் கற்றேன். பேச்சு புரியவில்லை, விரல் புரிந்தது. முதலில் பின்னிய துண்டு ஒரு பக்கம் அகலமாகவும் ஒரு பக்கம் சுருங்கியும் இருந்தது. பிரித்தேன். மறுபடி பின்னினேன். ஊசியில் கண்ணிகளை எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் "எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லலாம் என்பதைக் கண்டுபிடித்தேன். அந்த வீட்டில் அப்படிச் சொல்ல எனக்கு வேறு காரணம் இருந்ததில்லை. ஆறு மாதம் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

அண்ணன் மனைவி, என் மதினி, எங்கள் சர்ச் சபையில் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். கலகலப்பானவர். பத்துப் பேர் உள்ள இடத்தில் பதினோராவது ஆளுக்கும் நாற்காலி தேடிப் போடுகிறவர். அண்ணன் மகளுக்கு நான் பின்னிய தொப்பியை அவர் சங்கத்துக்கு எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினார். அடுத்த வாரமே ஒரு குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் கேட்டார்கள். பிறகு பெங்களூரில் வேலை கிடைத்த பையனுக்கு ஸ்வெட்டர். கனடா போகிற பெண்ணுக்கு மப்ளர். மார்கழியில்கூட மின்விசிறி ஓடும் ஊரில் இவ்வளவு உல்லன் தேவைப்படும் என்று நான் நினைத்ததே இல்லை. மதினி போனில் சொல்வது என் அறைவரை கேட்கும். "அவ சும்மாதான இருக்கா, பின்னித் தருவா." நூலை அவர்களே வாங்கித் தந்துவிடுவார்கள். நிறத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

டவுன் பஸ்ஸில் பின்னினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்னினேன். இரண்டாவது வருஷம் வலது மணிக்கட்டு வீங்கியது. டாக்டர் ஒரு மாதம் ஊசியைத் தொடாதே என்றார். அன்றைக்குச் சாயங்காலம் மதினி என் பக்கத்தில் உட்கார்ந்து கால் மணி நேரம் தைலம் தேய்த்துவிட்டார். தேய்த்து முடித்து, மடியில் இருந்த பையைத் திறந்து வெள்ளை நூல் உருண்டையை எடுத்தார். ஆயர் வீட்டுப் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானத்துக்கு வேண்டுமாம், அவசரமில்லை, மூன்று வாரம் இருக்கிறது என்றார். அவர் என்னை ஏமாற்றவில்லை. தைலம் தேய்த்ததும் நிஜம், நூல் கொடுத்ததும் நிஜம். சண்டை போட அவர் எனக்கு ஒரு இடமும் விடவில்லை.

நான்காவது வருஷம் எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களுக்காக ஏசி போட்டார்கள். அது சரியாக என் தலைக்கு மேல் இருந்தது. மத்தியானத்துக்குள் தோள் விறைத்துவிடும். எனக்கு ஒரு சால்வை பின்னிக்கொள்ளலாம் என்று தோன்றியது. நான்கு வருஷத்தில் எனக்கென்று ஒரு கைக்குட்டைகூடப் பின்னியதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

செல்லூரில் தறிப் பட்டறைகளில் மீந்துபோன பருத்தி நூலைக் கோன் கோனாக விற்பார்கள். ஒரு சனிக்கிழமை போய்க் கத்தரிப்பூ நிறத்தில் ஐந்து கோன் வாங்கினேன். "இம்புட்டு மெல்லிசு நூலு கையில பின்ன வராதும்மா" என்றார் பட்டறைக்காரர். ஐந்து இழையைச் சேர்த்துப் பிடித்தால் வந்தது. மற்றவர்களுக்குப் பின்னுவதற்கு நடுவில், எட்டு மாதம். ஒருமுறை நாற்பது வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி தவறியிருந்ததைப் பார்த்து, நாற்பதையும் பிரித்தேன். ஆயர் வீட்டுப் பிள்ளைக்கு அப்படிப் பிரித்திருக்க மாட்டேன்.

யாருக்கு என்று மதினி ஒருநாள் கேட்டார். எனக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. வரிசையில் காத்திருக்கிறவர்களை நிறுத்திவைத்துவிட்டு எனக்குப் பின்னிக்கொள்கிறேன் என்பது ஏதோ திருட்டு போலிருந்தது. "சும்மா" என்று சொன்னேன்.

முடித்து, துவைத்து, நிழலில் காயவைத்து, பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் போட்டுக்கொண்டு போகலாம் என்று எண்ணம். அதற்கு முந்தின வாரம் திருமங்கலத்திலிருந்து மதினியின் சித்தி மகள் வந்தாள். மகளைக் கல்லூரியில் சேர்க்க வந்து இரண்டு நாள் தங்கினாள். அவர்கள் போன மறுநாள் பீரோவைத் திறந்தால் சால்வை இல்லை. மதினியிடம் கேட்டேன்.

"அந்தக் கத்தரிப்பூக் கலரா? தங்கச்சிக்குக் குடுத்தேன். மொதமொதல்ல வந்து தங்கியிருக்கா, வெறுங்கையோடயா அனுப்புறது? நீ சும்மாதான பின்னுறேன்னு சொன்ன."

"சரி மதினி" என்றேன். அவர் சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து உரித்தேன்.

பத்து நாள் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஏசிக்கு அடியில் உட்கார்ந்து தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பதினோராவது நாள் சனிக்கிழமை. செல்லூர் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுப் பெரியார் பஸ் நிலையத்தில் திருமங்கலம் பஸ் ஏறினேன். கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கிறவளை ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். திருப்பரங்குன்றத்தில் இறங்கிவிட நினைத்தேன். திருநகரில் நிஜமாகவே எழுந்து நின்றேன். கண்டக்டர் "திருமங்கலத்துக்குத்தான டிக்கெட் எடுத்தீக, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன்.

அவளுக்கு என்னைப் பார்த்ததும் ஆச்சரியம். குடிக்கக் கலர் வாங்கி வரச் சொல்லி மகளை அனுப்பினாள். நான் ஹாலில் சுற்றும்முற்றும் பார்த்தேன். மூலையில் இன்வெர்ட்டர் இருந்தது. அதன் பேட்டரியின் மேல் என் சால்வை நாலாக மடித்துப் போர்த்தியிருந்தது. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி.

ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு எல்லாம் போய்விட்டது. "அது நான் எனக்குன்னு பின்னுனது" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பூச்சாடியை இறக்கிவைத்துவிட்டுச் சால்வையை எடுத்தாள். விரித்தபோது அடிப்பக்கத்தில் ஏழெட்டு ஓட்டைகள். பேட்டரியின் ஆசிட் பட்டு நூல் பொடிந்துபோயிருந்தது. அவள் அதைப் பிடித்தபடியே நின்றாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா. வேணாம்னுதான் சொன்னேன். இந்த வெயில்ல இத எங்க போட? எங்க அக்காதான் கையில திணிச்சுட்டாக. அவுககிட்ட வேணாம்னு சொல்ல முடியுமா?"

"முடியாது" என்றேன். இருவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. பதிலுக்கு ஒரு பட்டுச் சேலை தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள், சாப்பிட்டேன். சால்வையோடு நான் கிளம்பியபோது, மதினியிடம் இதைச் சொல்ல மாட்டேன் என்று வாசல்வரை வந்து சொன்னாள்.

அவள் சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்த அவள் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தவறு நடந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்க அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறார். நல்ல மனிதர்.

அண்ணன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஒரு துணிக்காகச் சம்பந்தக்காரர்கள் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாய் என்றார். உனக்கு இந்த வீட்டில் என்ன குறை என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் எங்கே முடியும் என்று எனக்கே பயமாக இருந்தது. மதினி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அழுதார்.

"எது உன்னோடது, எது என்னோடதுன்னு நான் பிரிச்சுப் பாத்ததே இல்லையே" என்றார்.

அது உண்மை. அவருடைய நகையைக் கேட்டால் கழற்றித் தருவார். அப்படிப் பிரித்துப் பார்க்காததுதான் என் குறை என்று சொல்ல நினைத்தேன், ஆனால் எப்படிச் சொல்வது?

மூன்று வாரம் மதினி என்னோடு பேசவில்லை. சாப்பாடு மேசையில் இருக்கும், நேரத்துக்கு, சூடாக. சங்கத்திலிருந்து வரும் போன்களுக்கு எனக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னார். யாருக்கும் பின்ன வேண்டியதில்லை. நான் கேட்டிருந்தால்கூடக் கிடைத்திருக்காத ஓய்வு அது. ஒரு நாள் மதியம் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றைப் பார்த்து வந்தேன். ஒரு அறையில் மூன்று கட்டில். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அங்கிருந்த அம்மாள் என் வயதைக் கேட்டுவிட்டு, ஊரில் சொந்தம் யாரும் இல்லையா என்றாள். இருக்கிறார்கள் என்றேன். பிறகு எதற்கு இங்கே என்று அவள் கேட்கவில்லை, பார்த்தாள். படிவத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். இன்னும் நிரப்பவில்லை.

சால்வையின் ஓட்டைகளை மீதி நூலால் பின்னி அடைத்தேன். தடவினால் தெரியும். அலுவலகத்தில் போட்டுக்கொள்கிறேன். மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவேன், வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.

நான்காவது வாரம் மதினி என் அறைக்கு வந்தார். கையில் பை. கனடா போன பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. வாசலிலேயே நின்று, "முடியுமா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் என்னிடம் கேட்டதில்லை. முடியாது என்று சொல்ல எனக்கு வழி திறந்திருந்தது. ஆனால் வீடு மறுபடி பேசத் தொடங்கிவிட்டது என்ற நிம்மதியில் என் கண் கலங்கிவிட்டது. அதற்காக என் மீதே எனக்குக் கோபம் வந்தது. "முடியும் மதினி" என்றேன். அளவு எவ்வளவு என்று கேட்டேன்.

இப்போது யார் எதைக் கேட்டாலும் மதினி, "அவளக் கேட்டுச் சொல்றேன்" என்கிறார். தவறாமல் வந்து கேட்கிறார். நான் இதுவரை முடியாது என்று சொன்னதில்லை.