நாற்பதாம் பாடத்தில் தொடங்கியவள்

மலாய் நாட்டுத் தீவு ஒன்றில், பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பொன்னம்மை இருபத்திரண்டு வருடமாக மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நகத்தளவு மின்னணுச் சில்லில் கீறல் இருக்கிறதா, கம்பிக்கால் வளைந்திருக்கிறதா என்று பார்த்துப் பிரித்து வைப்பதுதான் வேலை. அந்த வேலையை இனி மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று பிப்ரவரி மாதத்தில் அறிவித்துவிட்டார்கள்.

சூப்பர்வைசர் அப்துல் ஹமீது பதினெட்டுப் பெண்களையும் கேன்டீனில் உட்கார வைத்து விவரம் சொன்னார். ஆறு வாரத்தில் ஒரு பரீட்சை. அதில் தேறும் ஆறு பேர் புது மெஷின்களைக் கவனித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"பரீட்சையில என்னண்ணே கேப்பாங்க?" என்றாள் பொன்னம்மை.

"ஸ்டாடிஸ்டிக்லா. புள்ளிவிவரக் கணக்கு, சார்ட்டு போடுறது, அந்த மாதிரி. என்னையே கேட்டா நான் முழிப்பேன்."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். பொன்னம்மைக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் படித்தது மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை. கணவன் கருப்பையா முதுகில் ஆப்பரேஷன் செய்துகொண்டதிலிருந்து லாரி ஓட்டுவதில்லை; பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கும் அவளுக்கும் சேர்த்துச் சமைப்பது அவன்தான். கெப்பாலா பத்தாஸில் அவர்கள் இருந்த வீட்டுக்குள் சம்பளம் என்று ஒன்று வருவது அவள் கை வழியாக மட்டும்தான். வயது நாற்பத்தேழு. வேறு எந்தத் தொழிற்சாலை கூப்பிட்டு வேலை கொடுக்கும்?

அடுத்து வந்த மூன்று விடுமுறை நாளும் கைபேசியும் கையுமாகப் புள்ளிவிவரப் பாடம் தேடினாள். இலவசம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே போனால் மூன்றாவது பக்கத்தில் கார்டு நம்பர் கேட்டார்கள். இன்னொன்றில் உண்மையாகவே காசு கேட்கவில்லை. ஆனால் அந்த வெள்ளைக்காரப் பேராசிரியர் பேசிய வேகத்தில் ஒரு வாக்கியம் புரிவதற்குள் மூன்று வாக்கியம் ஓடிப்போயிருந்தன. கடைசியில்தான் ஒரு தமிழ்நாட்டுக் கல்லூரி வாத்தியார் கிடைத்தார். தமிழிலேயே நடத்தினார். நாற்பது பாடம், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். பணம் இருக்கட்டும், பெயரைக்கூடக் கேட்கவில்லை. பாடங்களுக்கு எண் போட்டிருக்கவில்லை. பொன்னம்மை பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததைத் தொட்டாள்.

தொழிற்சாலை பஸ் விடியற்காலை ஐந்தரைக்கு வரும். அக்கரையிலிருந்து கடற்பாலம் தாண்டித் தீவுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல்நாளே பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு, இயர்போனைக் காதில் செருகி, மடியில் நோட்டோடு பார்த்தாள். பரீட்சை மலாயில் வரும் என்பதால் வாத்தியார் சொல்லும் தமிழ்ச் சொல்லுக்கு எதிரே மலாய்ச் சொல்லையும் தேடி எழுதினாள்.

ஒன்றும் புரியவில்லை. "போன வகுப்பில் பார்த்தோமே" என்பார் வாத்தியார். எதைப் பார்த்தோம் என்று அவளுக்கு நினைவே வராது. பார்த்தது எல்லாம் மறந்து போகிற அளவுக்கு மூளை மழுங்கிவிட்டது என்று நினைத்தாள். மூன்று வாரத்தில் இருபத்திரண்டு பாடம் முடிந்தது. நோட்டு நிறைந்ததே தவிர, தலையில் எதுவும் ஏறவில்லை.

பக்கத்து சீட்டு சுஹானா பரீட்சைக்குப் பெயர் கொடுக்கவில்லை. நஷ்டஈட்டில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுக்கு ஒரு கடை போடுவதாக இருந்தாள். ஒரு நாள் காலை தூக்கக் கலக்கத்தில் பொன்னம்மையின் கைபேசியை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, உங்க வாத்தியாருக்கு என்னா ஆச்சு?"

"ஏன்?"

"தாடி குறைஞ்சுக்கிட்டே வருதே. மொத நாளு பாத்தப்ப நெஞ்சு வரைக்கும் இருந்துச்சு. இப்ப சும்மா ரெண்டு நாள் தாடி."

"சபரிமலைக்கு மாலை போட்டிருப்பாரு. அதான் தாடி."

"மாலை போட்டா தாடி வளரும்லா அக்கா. உள்ளுக்கா போவும்?"

பொன்னம்மை படத்தை நிறுத்தினாள். பட்டியலுக்குப் போய், ஒவ்வொரு பாடமும் எப்போது ஏற்றப்பட்டது என்று பார்த்தாள். மேலே இருந்தது கடைசிப் பாடம். முதல் பாடம் அடியோ அடியில், அவள் இன்னும் தொடாத இடத்தில் கிடந்தது. அதைத் தொட்டாள். அதில் வாத்தியார் மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு, "வணக்கம், எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டே ஆரம்பிப்போம்" என்றார்.

பஸ் அப்போது பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தது. பொன்னம்மை துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இன்னும் பதினேழு நாள்தான் இருந்தது.

"ஏன்க்கா அழுவுறீங்க? நல்ல செய்திதானே," என்றாள் சுஹானா. "நீங்க முட்டாள் இல்லன்னு இப்பத்தானே தெரிஞ்சிருக்கு."

பொன்னம்மை மூக்கை உறிஞ்சிக்கொண்டு நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள்.

இந்த முறை புரிந்தது. சராசரி புரிந்தது. ஒரே அளவில் செய்த பொருள்கூட ஏன் கொஞ்சம் கூடியும் குறைந்தும் வருகிறது என்பது புரிந்தது. பதினெட்டுப் பாடம் முடித்துப் பத்தொன்பதாவதுக்கு வந்தபோது, அது முன்பே பார்த்த பாடம். அன்றைக்கு வாய் மட்டும் அசைவதாகத் தெரிந்த மனிதர் இன்றைக்கு அவளிடமே பேசினார். அதற்கப்புறம் தாடி வளர வளர அவள் வேகமும் கூடியது.

எழுத்துப் பரீட்சையில் நான்கு கேள்விகளை விட்டுவிட்டாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அடுத்து நடந்த நேர்முகத்தில் இன்ஜினியர் ஹாஃபிஸ் ஒரு சார்ட்டை மேசைமேல் வைத்தார். எல்லாப் புள்ளிகளும் எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே இருந்தன. என்ன செய்வீர்கள் என்று மலாயில் கேட்டார்.

பொன்னம்மை கொஞ்ச நேரம் பார்த்தாள். "கடைசி எட்டுப் புள்ளியும் ஏறிக்கொண்டே போகிறது. கோட்டைத் தாண்டும்வரை காத்திருக்க மாட்டேன். மெஷினில் ஏதோ தேய்கிறது. நிறுத்திப் பார்ப்பேன்," என்றாள் அவளும் மலாயில்.

"எங்கே படித்தீர்கள்?"

"பஸ்ஸில்."

ஹாஃபிஸ் சிரிக்காமல் எதையோ குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் அப்துல் ஹமீது ஆறு பெயர்களை வாசித்தார். பொன்னம்மை ஐந்தாவது. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, லாக்கரிலிருந்து கைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்தாள்.

"கிடைச்சிருச்சுங்க," என்றாள்.

கருப்பையா, "பன்னெண்டு மணி நேர ஷிப்ட்டு இனிமே இல்லையா?" என்றான்.

"இல்லை. அஞ்சரைக்கெல்லாம் விட்டுருவாங்க."

"அப்பாடா. என் சமையலு இன்னையோட முடிஞ்சுது. நீயே ஆக்கு." குரல் உடைந்திருந்தது. அழுகையை மறைக்கத்தான் கிண்டல் செய்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

"அதெல்லாம் முடியாது. மெஷினப் பத்தி எனக்கு ஒன்னும் தெரியாது. அதுக்கு வேற வாத்தியார் தேடணும்," என்றாள் பொன்னம்மை. "இன்னும் ரெண்டு மாசத்துக்கு நீங்கதான் சமைக்கணும்."