பூட்டுக்காரருக்கு வராத என்கொயரிகள்

வீடு காட்டிவிட்டுக் கிளம்பும்போது கதவைப் பூட்டுவார். பூட்டியதும் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். வீடு பார்க்க வந்தவர்கள் படியிறங்கித் தெருவுக்கே போயிருப்பார்கள். இவர் பாதிப் படியிலிருந்து திரும்பி ஏறி இன்னொரு முறை இழுப்பார். இருபத்திரண்டு வருஷமாக இதே கதை. அதனால்தான் அந்த ரியல் எஸ்டேட் ஆபீஸில் அவருக்குப் பூட்டுக்காரர் என்று பெயர். பெயர் வைத்தது யார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் நாலு பேர் மேல் சந்தேகம் உண்டு.

சந்தேகம் அவருக்குக் கூடவே பிறந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை இன்னொரு டாக்டரிடம் காட்டி விசாரிப்பார். அந்த இரண்டாவது டாக்டர் எப்படி என்று மருந்துக்கடைக்காரரிடம் விசாரிப்பார். மனைவி சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாய் என்பார், சிரிக்காவிட்டால் என்னத்தை மறைக்கிறாய் என்பார். அந்த அம்மாள் கெட்டிக்காரி. பாதிச் சிரிப்போடு நிறுத்திக்கொள்ளப் பழகிவிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, இந்தக் குணம்தான் தொழிலில் அவருக்குச் சோறு போட்டது. விற்கிறவர் அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தால், அதை நகர்த்தச் சொல்லிப் பின்னால் இருக்கிற ஈரத்தைக் கண்டுபிடிப்பார். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் நிறம் மாறுகிறதா என்று ஐந்து நிமிஷம் நின்று பார்ப்பார். விற்கிறவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். வாங்குகிறவர்கள் மட்டும் அவரை முழுசாக நம்பினார்கள், ஏனென்றால் அவர் யாரையும் நம்பவில்லை.

அந்த ஆபீஸில் ஐந்து ஏஜெண்டுகள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு மேசை, ஒரு போன், அதன் முன்னால் சீட்டக்கா. பத்தொன்பது வருஷமாக அந்தப் போனை எடுத்தவள் அவள்தான். வீடு கேட்டு யார் கூப்பிட்டாலும் பேர், நம்பர், என்ன வேண்டும் என்பதை ரோஸ் கலர் சீட்டில் எழுதுவாள். அதை எந்த ஏஜெண்டின் பெட்டியில் போடுவது என்பதையும் அவளே முடிவு செய்வாள். குரலை வைத்தே ஆளை எடை போட்டுவிடுவாள். அவசரக்காரர்களை, ஐந்து ஏஜெண்டுகளில் ஒருவனான முதலாளியின் மச்சினனுக்குத் தள்ளுவாள். அவன் பேச ஆரம்பித்தால் எதிராளிக்கு யோசிக்க நேரம் இருக்காது. நாற்பது கேள்வி கேட்கிற ஆசாமிகளைப் பூட்டுக்காரருக்குக் கொடுப்பாள். அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்ற விஷயம் கடைசிவரை தீரவே இல்லை.

அப்புறம்தான் சாஃப்ட்வேர் வந்தது. விளம்பரத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள், வெப்சைட்டில் ஃபாரம் நிரப்புகிறவர்கள், வாட்ஸப்பில் கேட்கிறவர்கள், எல்லாரும் ஒரே இடத்தில் போய் விழுந்தார்கள். வாங்கவா, வாடகைக்கா, எத்தனை அறை, எப்போது வேண்டும் என்று அதுவே கேட்டு, அதுவே ஒரு ஏஜெண்டின் போனுக்கு அனுப்பிவிடும். போன் மணியடிக்கும். ஐந்து நிமிஷத்துக்குள் ‘எடுத்துக்கொள்கிறேன்’ என்பதை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் அந்த என்கொயரி அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அதைப் பொருத்திய சாஃப்ட்வேர்க்காரர் எல்லாரையும் ஓர் அறையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் விளக்கினார். முதலாளி கடைசியில் எழுந்து, இனிமேல் இதில் மனுஷக் கை படாது, யாராவது கை வைத்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். பூட்டுக்காரருக்கு இந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. மீதி ஒரு மணி நேரமும் அவர் மச்சினனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இவன் ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறான் என்பது அவருடைய கவலை.

சீட்டக்காவின் போன் மௌனமாகிவிட்டது. முதலாளி அவளை உடனே அனுப்பிவிடவில்லை. ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், ஏதாவது நின்றுபோனால் சொல்லட்டும் என்று வைத்துக்கொண்டார். அதற்குப் பாஸ்வேர்டும் அவளிடமே இருந்தது. அவள் கணவருக்குப் பார்வை போய் ஆறு வருஷம். அந்த வீட்டுக்கு வருகிற சம்பளம் அவளுடையது ஒன்றுதான். இது ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும், பூட்டுக்காரருக்கும் நன்றாகத் தெரியும். பின்னால் அவர் செய்ததைச் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் மாதம் முடிவதற்குள் பூட்டுக்காரர் கணக்கெடுத்துவிட்டார். மச்சினனின் போன் அடிக்கடி மணியடித்தது. இவருடையது சட்டைப்பையில் செத்துக் கிடந்தது. மெஷினுக்கு என்ன மச்சினன், மாமன்? உள்ளே யாரோ விளையாடுகிறார்கள். பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? சந்தேகம் நேராகக் கண்ணாடித் தடுப்பைத் தாண்டிப் போய் நின்றது.

அன்றிலிருந்து தடுப்பையே பார்த்தபடி உட்கார ஆரம்பித்தார். ஒரு நாள் மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த சமயம், சீட்டக்கா இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு மௌஸை நகர்த்தி எதையோ அழுத்தினாள். இவர் எழுந்து போவதற்குள் ஸ்கிரீன் மாறிவிட்டது.

“அக்கா, இதுல நீங்க ஏதாவது கை வெச்சு மாத்துறீங்களா?”

“இல்லண்ணா. எல்லாம் அதுவே பிரிச்சு அனுப்புது.”

சொல்லிவிட்டு மேசையில் ஏற்கெனவே நேராக இருந்த பேனாவை எடுத்து நேராக வைத்தாள். ஈரச் சுவரை அலமாரி வைத்து மறைக்கிறவர்களை இருபத்திரண்டு வருஷம் பார்த்த மனுஷன் அவர். பொய் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே மனது கசந்துபோயிற்று. போயும் போயும் அக்காவா என்று நினைத்தார்.

நிரூபிக்காமல் பேசக்கூடாது என்பது அவர் கொள்கை. மனைவி, கொழுந்தியாள், அண்ணன், பக்கத்து வீட்டுத் தையல்காரர் என்று ஒரு படையைத் திரட்டினார். வேறு வேறு பெயரில், வேறு வேறு நம்பரிலிருந்து வீடு வேண்டும் என்று எழுத வேண்டும். யார் கூப்பிடுகிறார்கள் என்று இவரிடம் சொல்ல வேண்டும். இவர் ஒரு நோட்டில் தேதியும் நேரமும் போட்டு எழுதிக்கொள்வார். மனைவி முதலில் இதெல்லாம் தேவையா என்றாள். அப்புறம் ருசி கண்டுவிட்டாள். மூன்று படுக்கையறை, காற்றோட்டம், பின்னால் செடி வைக்க இடம் என்று எழுதினாள். மச்சினன் கூப்பிட்டுத் தேன் ஒழுகப் பேசியதும், ஒரு நடை போய்த்தான் பார்த்துவிட்டு வரலாமே என்று புருஷனிடமே கேட்டாள்.

அந்தப் போலி என்கொயரிகளில் பல இவருக்கே வந்து விழுந்தன. மணியடிக்கும். எடுத்துப் பார்த்தால் கொழுந்தியாளின் நம்பர். தனக்குத் தானே வலை விரித்துக்கொள்ள நான் என்ன முட்டாளா என்று சிரித்தபடி போனை உள்ளே வைத்துவிடுவார். அவருக்கு வேண்டியது வேறு: தான் விட்டது அடுத்து யாருக்குப் போகிறது? பத்தில் ஏழு தடவை மச்சினனுக்குப் போயிற்று. நோட்டில் சிவப்பு மையில் கோடு போட்டார். நாளாக ஆக இவருக்கு வருவது இன்னும் குறைந்தது. குறையக் குறைய இவர் படையை முடுக்கிவிட்டார். தையல்காரர் ஒரே வாரத்தில் ஒன்பது வீடு கேட்டார்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு வியாபாரம் முடிந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியரும் அவர் மனைவியும், படி ஏறாத வீடு கேட்டு வந்தவர்கள். தலைமையாசிரியர் ஜன்னல் கொக்கியைக்கூட ஆட்டிப் பார்க்கிற ரகம். பதினோரு வீடு பார்த்தார்கள். பதினோரு வீட்டிலும் அவரும் பூட்டுக்காரரும் போட்டி போட்டுக்கொண்டு குறை கண்டுபிடித்தார்கள். கடைசியில் ஒன்று பிடித்து, பத்திரமும் முடிந்தது. சாஃப்ட்வேர் வந்த மூன்று மாதத்தில் பூட்டுக்காரர் முடித்தது அது ஒன்றுதான். எல்லாரும் சேர்ந்து கழுத்தை நெரித்தும் என் திறமையால் பிழைத்தேன் என்று ஆபீஸில் கேட்கும்படியாகவே சொன்னார். சீட்டக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

மறு வாரம் நோட்டோடும் எழுதிக் கையெழுத்துப் போட்ட புகாரோடும் முதலாளியின் அறைக்குள் போனார். சிவப்புக் கோடுகளைக் காட்டினார். மத்தியானம் தன் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். சீட்டக்கா கை வைக்கிறாள், மச்சினனுக்குத் திருப்பிவிடுகிறாள், இதற்கு மேல் தன்னிடம் பூசி மெழுக வேண்டாம் என்றார். அவளுக்கு வேலை போய்விடும் என்பது தெரிந்துதான் சொன்னார். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று பிற்பாடு தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளக்கூட அவருக்கு வழியில்லை.

முதலாளி சாஃப்ட்வேர்க்காரரை வரவழைத்தார். சீட்டக்காவையும் கூப்பிட்டார். சாஃப்ட்வேர்க்காரர் பெரிய ஸ்கிரீனில் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். யாருக்கு எத்தனை மணிக்குப் போயிற்று, எடுத்தாரா விட்டாரா, எல்லாம் அதில் இருந்தது.

முதலில் அவர் பூட்டுக்காரரைத்தான் பார்த்தார். “சார், உங்களுக்கு வந்ததுல முப்பத்தொண்ணு நீங்க எடுக்காம விட்டிருக்கீங்க. எடுக்காம விட விட, உங்களைக் கீழ தள்ளிக்கிட்டே போகும். அன்னிக்கு மீட்டிங்லயே சொன்னேனே.”

அந்த முப்பத்தொன்றில் யார் யார் என்று முதலாளி கேட்டார். ஸ்கிரீனில் நம்பர்கள் வந்தன. பூட்டுக்காரர் மனைவியின் நம்பரைப் பார்த்தார், கொழுந்தியாளின் நம்பரைப் பார்த்தார், தையல்காரர் கேட்ட ஒன்பது வீட்டையும் பார்த்தார். காது இரண்டும் சூடாகிவிட்டது. யாரும் தன் கழுத்தை நெரிக்கவில்லை, தானே நெரித்துக்கொண்டிருக்கிறோம் என்பது புரிந்தது. மச்சினனுக்கு ஏன் போயிற்று என்பதையும் சாஃப்ட்வேர்க்காரர் சொன்னார்: போன் மணியடித்ததும் பத்து வினாடியில் அழுத்துகிறவன் அவன் ஒருவன்தான். சீக்கிரம் அழுத்துகிறவனுக்கு அது அதிகம் அனுப்பும், அவ்வளவுதான் சங்கதி.

அதோடு முடிந்திருந்தால் நாலு நாள் கேலியோடு போயிருக்கும். ஆனால் முதலாளி கேட்டார்: “அப்ப கை வெச்சு மாத்துனதுன்னு எதுவுமே இல்லையா?”

சாஃப்ட்வேர்க்காரர் கொஞ்சம் தயங்கினார். ஏழு இருக்கிறது என்றார். ஏழும் சீட்டக்காவின் பாஸ்வேர்டில் நடந்தவை. ஏழையும் வேறு ஏஜெண்டுகளிடமிருந்து எடுத்து ஒரே ஆளுக்கு மாற்றியிருக்கிறாள். அந்த ஆள் பூட்டுக்காரர். ஏழில் ஒன்று தலைமையாசிரியர்.

முதலாளி சீட்டக்காவைப் பார்த்தார். அவள் மறைக்கவில்லை. அண்ணா அடியில் போய்க்கொண்டே இருந்தார், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, நாற்பது கேள்வி கேட்கிறவர்களாகப் பார்த்துத்தான் மாற்றினேன், மற்றவர்கள் வாயில் மண் போடவில்லை என்று மட்டும் சொன்னாள். முதலாளி நல்ல மனுஷன்தான். ஆனால் எல்லார் முன்னாலும் சொன்ன வார்த்தை, புகார் எழுத்தில் இருக்கிறது, மற்ற நாலு ஏஜெண்டுகளும் காது கேட்கிற தூரத்தில் நிற்கிறார்கள். நாளைக்கு வர வேண்டாம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் சீட்டக்காவைப் பார்க்கவில்லை, பூட்டுக்காரரைப் பார்த்தார்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். என் புகாரைக் கிழித்துப் போடுங்கள், நான் போகிறேன் என்று ஒரு வார்த்தை. சீட்டக்கா தன் டிபன் பாக்ஸையும் ஒரு குடையையும் எடுத்துக்கொண்டு போனாள். இவர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஒரு வார்த்தை வர இரண்டு நாள் ஆயிற்று. முதலாளியிடம் போய்ச் சொன்னார். அவர், இரண்டு நாள் முன்னால் அந்த அறையில் இதைச் சொல்லியிருந்தால் எனக்கும் ஒரு பிடி கிடைத்திருக்கும், இப்போது மாற்ற முடியாது என்றார்.

அன்று சாயங்காலமே சீட்டக்காவின் வீட்டைத் தேடிப் போனார். இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவள் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. வழி நெடுகத் தயார் செய்துகொண்டு வந்த மன்னிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவர் வாயில் வந்தது ஒரு கேள்விதான்.

“அன்னிக்கு நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா?”

“சொன்னா நீங்க வாங்கிப்பீங்களா? எனக்கு யாரும் எடுத்துக் குடுக்க வேண்டாம்னு குதிச்சிருப்பீங்க.” அவள் குரல் உயரவில்லை. “நான் பொய் சொல்றேன்னு உங்களுக்கு அப்பவே தெரிஞ்சுடுச்சு, உங்க மூஞ்சியிலயே பார்த்தேன். சரியாத்தான் கண்டுபிடிச்சீங்க. அது உங்களுக்காகவும் இருக்கலாம்னு மட்டும் உங்களுக்கு ஒரு தடவைகூடத் தோணல, இல்ல?”

அவருக்குத் தோன்றவில்லை. பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ சந்தேகப்பட்டவருக்கு அந்த ஒரு சந்தேகம் மட்டும் வரவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினார்.

உள்ளேயிருந்து அவள் கணவர், வாசலில் யார் என்று கேட்டார்.

“ஆபீஸ்ல கூட வேலை பார்த்த ஒருத்தர்,” என்றாள். “இதோ கிளம்பிட்டாரு.”